பழைய லேப்டாப்பை ரூட்டராக்கும்போது வயர்லெஸ் டிரைவர் காணாமற்போனால்...



தாம்பரம் சண்முகம் சாலை தொடங்கி, கேம்ப் ரோடு, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், இந்தப் பக்கம் குரோம்பேட்டை, பல்லாவரம் வரை நம் உறுப்பினர்களின் கடைகளில் இன்று தராசு எப்படி அவசியமோ அப்படி இன்டர்நெட்டும் அவசியம் என்றாகிவிட்டது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு கல்லாவுக்கு முன்னால் கியூ.ஆர். அட்டை வந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரலில் ஈ-வே பில் வந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ஈ-இன்வாய்ஸும் வந்து சேர்ந்தது. லாரி வாசலில் நிற்கும். எண்ணெய் டின்னும் சோப்புப் பெட்டியும் ஏற்றியாகிவிடும். நெட் இல்லையென்றால் பில் எழும்பாது. அந்தக் காத்திருப்புக் கூலி யார் தலையில் விழும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்கக்கூடிய ஒரு பொருள் நம்மில் பலர் வீட்டுப் பரண்மேல் தூங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் பிளஸ் டூ படித்தபோது வந்த அரசு லேப்டாப், அல்லது கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் புதிது வாங்கியதும் ஒதுக்கிப் போட்ட பழைய லேப்டாப். இதைக் கடைக்குக் கொண்டுவந்து, ஒரு பக்கம் நெட்டை வாங்கி மறுபக்கம் வைஃபையாக விநியோகிக்கும் ரூட்டராக மாற்றலாம். செய்து பார்த்தவர்கள் பலர். பாதியில் கைவிட்டவர்கள் அதைவிடப் பலர். கைவிட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வைஃபையே வரமாட்டேன் என்கிறது, டிரைவர் இல்லை என்கிறது." அந்த டிரைவர் விஷயத்தைத்தான் இங்கே விளக்க முற்படுகிறேன். அடியேன் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக் கல்லாவில் உட்கார்ந்தவன். 2020 ஊரடங்கில் கடை அரை நேரம் மட்டும் திறந்திருந்தபோது பொழுதைப் போக்குவதற்காக இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். ஆகவே நம் மொழியிலேயே சொல்கிறேன்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுநர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குல்பர்காவிலிருந்து துவரம்பருப்பு லோடு வருகிறது. லாரி ரசீது கன்னடத்தில் இருக்கிறது. சரக்கு நல்ல சரக்கு, நம் குமாஸ்தாவும் கெட்டிக்காரர். ஆனாலும் அவருக்குக் கன்னடம் தெரியாவிட்டால் எத்தனை மூட்டை, எந்த ரகம், யாருக்கு என்று எதுவும் புரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும். லேப்டாப்புக்குள் வைஃபை கார்டு என்று ஒரு சின்ன அட்டை இருக்கிறது. அதுதான் வந்த சரக்கு. விண்டோஸ் அல்லது லினக்ஸ் என்கிற மூலமென்பொருள்தான் நம் குமாஸ்தா. இருவருக்கும் நடுவில் நின்று பேசுகிற சிறிய புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனி கார்டுக்கும் ஒவ்வொரு டிரைவர். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குப் போட்டால் வேலை செய்யாது.

லேப்டாப் வாங்கியபோது இருந்த டிரைவர் பிறகு எங்கே போகிறது? பெரும்பாலும் 'பார்மட்' செய்யும்போது போகிறது. வேகம் குறைந்துவிட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுப்போம். அவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுப்பார். புது விண்டோஸில் பொதுவான கார்டுகளுக்கு டிரைவர் உள்ளேயே இருக்கும். நம் கார்டு அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் வைஃபை என்ற பேச்சே இருக்காது. இதிலொரு சிக்கலும் உண்டு. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். கொடுத்த பணம் வந்தால்தான் சரக்கு, சரக்கு விற்றால்தான் பணம் என்று நம் வியாபாரத்தில் சில சமயம் முட்டிக்கொள்வது போலத்தான். வழி இல்லாமல் இல்லை, பிறகு சொல்கிறேன்.

அரசு லேப்டாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தில் எல்காட் நிறுவனம் மூலமாக டெண்டர் விட்டு வாங்கிய லேப்டாப்புகள் மாநிலம் முழுக்க லட்சக்கணக்கில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற மூலமென்பொருளும் சேர்ந்தே இருந்தது. இந்த பாஸ் லினக்ஸ் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு தயாரித்து 2007-இல் வெளியிட்டது. டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. நம் பிள்ளைகளில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் விண்டோஸிலேயே சினிமா பார்த்து முடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது அந்த லேப்டாப்பில் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வருகிறது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த பாதுகாப்பு 2020 ஜனவரி 14-உடன் நின்றது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஏறாது. டாலி கணக்கு ஓடும் கடை நெட்வொர்க்குக்கு வாசற்படியாக, காவல் இல்லாத ஒரு லேப்டாப்பை நிறுத்துவது சரியில்லை என்பது என் கருத்து. ஒரு நாள் இரண்டு நாள் அவசரத்துக்கு விண்டோஸ் போதும். நிரந்தரமாக வைப்பதானால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வழி சொல்கிறேன்.

முதலில் விண்டோஸ். ஸ்டார்ட் பொத்தானின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'டிவைஸ் மேனேஜர்' என்று ஒரு வரி வரும். அதைத் திறந்தால் லேப்டாப்பில் உள்ள உறுப்புகளின் இருப்புப் பட்டியல் கிடைக்கும். நாம் வருடக் கடைசியில் ஸ்டாக் எடுப்பதைப் போலத்தான். இதில் மூன்று விதமான நிலைமைகள் உண்டு. 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று மஞ்சள் நிற ஆச்சரியக்குறியுடன் இருந்தால், கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் இல்லை என்று பொருள். அதன்மேல் இருமுறை தட்டினால் 'கோட் 28' என்று எழுதியிருக்கும். இரண்டாவது, கார்டின் பெயர் சரியாக இருந்து, கீழ்நோக்கிய அம்பு போட்டிருந்தால், யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். வலது பொத்தானை அழுத்தி 'எனேபிள்' கொடுத்தால் முடிந்தது. மூன்றாவது, பெயரும் இல்லை, மஞ்சள் குறியும் இல்லை. இதுதான் சந்தேகப்பட வேண்டிய நிலைமை. கார்டையே லேப்டாப் பார்க்கவில்லை. அதற்கு டிரைவர் போட்டுப் பயனில்லை. பழைய லேப்டாப்புகளில் முன்பக்கமோ பக்கவாட்டிலோ வைஃபைக்கென்று ஒரு சிறிய தள்ளு சுவிட்சு இருக்கும், அதைப் பாருங்கள். பயாஸ் அமைப்பில் வயர்லெஸ் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் அடிமூடியைக் கழற்றி, கார்டு அதன் இடத்தில் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும். கார்டிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் போகும். அவை ஆன்டெனா ஒயர்கள். விசிறி துடைக்கத் திறந்தவர் அவற்றை மாட்ட மறந்திருந்தால், கார்டின் பெயர் பட்டியலில் இருக்கும், சிக்னல் மட்டும் கல்லாவைத் தாண்டாது.

இந்த மூன்றையும் பிரித்தறிவதில் பணமும் அடங்கியிருக்கிறது. கேம்ப் ரோடு பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாலையை வெட்டியதில் பைபர் கேபிள் அறுந்து மூன்று நாள் நெட் இல்லை. மகள் படித்த அரசு லேப்டாப்பை எடுத்து, போனிலிருந்து நெட் வாங்கி, கடையின் இரண்டு பில்லிங் மிஷினுக்கும் கொடுக்க நினைத்தார். லேப்டாப் சில மாதத்துக்கு முன்புதான் பார்மட் ஆகியிருந்தது. வைஃபை வரவில்லை. கொண்டுபோய்க் காட்டினால், கார்டு போய்விட்டது, புதிது போட 1,800 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, கார்டு எரிஞ்சுபோச்சுங்கிறாங்க. மாத்திரட்டுமா?"

"மஞ்சள் குறி தெரியுதா, தம்பி?"

"தெரியுது அண்ணாச்சி, நெட்வொர்க் கன்ட்ரோலர்னு போட்டிருக்கு."

"அப்போ கார்டு எரியலை. எரிஞ்சிருந்தா பட்டியல்ல பேரே வராது. ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க."

அன்று மாலையே டிரைவர் போட்டு வேலை முடிந்தது. மெக்கானிக் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. தாமே பார்க்கத் தெரியாதவர்களும் உண்டு. நாம் பார்க்கத் தெரிந்துகொண்டால் இரண்டு வகையாரிடமும் தப்பிக்கலாம்.

சரி, எந்த டிரைவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய டிரைவர்களின் பட்டியல் வரும். அதில் வயர்லெஸ் அல்லது டபிள்யூ-லான் என்று போட்டிருப்பதை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7-ஆ 10-ஆ, 32 பிட்டா 64 பிட்டா என்பது பொருந்த வேண்டியது அவசியம். மாடல் எண் அழிந்திருந்தாலோ, தளத்தில் அகப்படாவிட்டாலோ கவலை வேண்டாம். மஞ்சள் குறி உள்ள வரியைத் திறந்து 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'ஹார்ட்வேர் ஐடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட எண் வரும். அதில் 'வென்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம்தான் கார்டு செய்த கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் மாதிரி. 8086 என்றால் இன்டெல். 14ஈ4 என்றால் பிராட்காம். 168சி என்றால் ஆத்தரோஸ். 10ஈசி என்றால் ரியல்டெக். அதை அடுத்து 'டெவ்' என்று வருவது எந்த ரகம் என்பதைச் சொல்லும். இரண்டையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கார்டின் சாதி விவரம் முழுக்கக் கையில் இருக்கிறது என்று பொருள்.

நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று கேட்டோமே, அதற்கு வருகிறேன். பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம். அதைவிட எளிது, ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்குவது. வைஃபை டிரைவர் இல்லாமலேயே லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும், ஏனென்றால் இதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் பிறவியிலேயே இருக்கிறது. ஐபோனாக இருந்தால் விண்டோஸுக்கு ஆப்பிள் கம்பெனியின் மென்பொருள் தனியாக வேண்டும், ஆகவே கடைப் பையனின் ஆண்ட்ராய்டு போனே மேல். ஒயர் முக்கியம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு ஒயர்கள் உண்டு, அவற்றில் தகவல் போகாது. நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். பல சமயம் காணாமற்போன டிரைவர் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. டிரைவர் என்று தேடினால் கம்பெனித் தளத்துக்கு முன்பாக வேறு பல தளங்கள் வந்து நிற்கும். 'எல்லா டிரைவரும் ஒரே தட்டில் சரியாகும்' என்று பெரிய பச்சைப் பொத்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். டிரைவர் என்பது மூலமென்பொருளின் கருவறை வரை போகும் உரிமை பெற்ற புரோகிராம். அந்த வேடத்தில் திருடன் வந்தால் தடுக்க ஆள் இல்லை. 2017 மே மாதம் வான்னகிரை என்ற மென்பொருள் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது நினைவிருக்கும். அதே ஜாதியில் இன்னும் பல உலவுகின்றன. இரண்டு வருடப் பேரேடும், யார் யார் எவ்வளவு பாக்கி என்பதும் பூட்டப்பட்டால் நாம் எங்கே போய் நிற்பது? கடன் வாங்கியவர்கள் தானாக வந்து சொல்லவா போகிறார்கள்? ஆகவே டிரைவரைக் கம்பெனித் தளம், விண்டோஸ் அப்டேட், லினக்ஸின் சொந்தக் கிடங்கு இம்மூன்றைத் தவிர வேறெங்கும் எடுக்க வேண்டாம். எடுப்பதற்கு முன் டாலி பேக்கப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இனி லினக்ஸ். இதில் இன்டெல், ஆத்தரோஸ் கார்டுகளுக்குப் பெரும்பாலும் டிரைவர் தேட வேண்டியதில்லை. ஆனால் டிரைவரோடு 'பர்ம்வேர்' என்று இன்னொன்றும் உண்டு. டிரைவர் நம் குமாஸ்தா பக்கத்தில் நிற்கும் ஆள் என்றால், பர்ம்வேர் கார்டுக்குள்ளேயே போய் ஏறவேண்டிய பாடம். அதை எழுதியது கார்டு கம்பெனி. அதன் மூலத்தைத் திறந்து காட்டமாட்டார்கள். டெபியன்காரர்கள் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள். மூலம் திறக்காத எதையும் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் தட்டில் சேர்ப்பதில்லை என்று பல ஆண்டுகள் இருந்தார்கள். அதனால் டெபியனைப் புதிதாகப் போட்டவர்களுக்கு, டிரைவர் இருந்தும் பர்ம்வேர் இல்லாமல் வைஃபை ஊமையாக இருந்தது. 2022-இல் அவர்கள் தங்களுக்குள் ஓட்டெடுத்து முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் பர்ம்வேர் உடன் வருகிறது. கொள்கை பெரிதுதான், ஆனாலும் சரக்கு விற்கவேண்டுமே என்று நமக்கும் சில சமயம் தோன்றுவது இயல்பு. ஆகவே லினக்ஸ் போடுவதானால் பழைய தட்டை வைத்துக் கஷ்டப்படாமல் புதிய பதிப்பையே போடுங்கள்.

புதிய பதிப்பிலும் வராவிட்டால் 'டெர்மினல்' என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடித்து, இடம் விட்டு, ஒரு சிறு கோடு போட்டு என், என், கே என்று அடித்தால் உறுப்புகளின் பட்டியல் வரும். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் இருக்கிறது, பர்ம்வேரைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாவிட்டால் டிரைவரே இல்லை. இதில் அதிகம் படுத்துவது பிராட்காம் கார்டு. உபுண்டுவிலும் மின்டிலும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' அல்லது 'டிரைவர் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து, போன் ஒயரால் நெட் கொடுத்தால், பிராட்காமுக்குரிய டிரைவரை அதுவே எடுத்துக் காட்டும். டிக் போட்டு, லேப்டாப்பை அணைத்துப் போட்டால் சரியாகும். இன்னொன்று, 'ஆர்.எஃப்.கில் லிஸ்ட்' என்ற கட்டளையை அடித்தால் வைஃபை பூட்டியிருக்கிறதா என்று தெரியும். 'ஹார்ட் பிளாக்டு: எஸ்' என்று வந்தால் அது நான் முன்பு சொன்ன தள்ளு சுவிட்சின் வேலை. மென்பொருளில் எவ்வளவு முட்டினாலும் திறக்காது.

டிரைவர் வந்துவிட்டது, வைஃபை தெரிகிறது. ஆனாலும் ரூட்டராக மாட்டேன் என்கிறதா? இதுவும் டிரைவர் விஷயம்தான். வைஃபையை வாங்குவது ஒரு வித்தை, கொடுப்பது வேறு வித்தை. சில்லறைக் கடைக்காரர் எல்லோரும் மொத்த வியாபாரம் செய்துவிட முடியாதல்லவா? சில டிரைவர்கள் வாங்க மட்டும் பழகியவை. லினக்ஸில் 'ஐ.டபிள்யூ. லிஸ்ட்' என்று அடித்தால் வரும் நீண்ட பட்டியலில் 'சப்போர்ட்டட் இன்டர்பேஸ் மோட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'ஏ.பி.' என்ற இரண்டெழுத்து இருக்க வேண்டும். இருந்தால் அமைப்புகளில் வைஃபை பக்கத்திலேயே ஹாட்ஸ்பாட் பொத்தானை இயக்கலாம். விண்டோஸ் 10-லும் 11-லும் 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' பகுதியில் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்று இருக்கிறது. இது 2016-இல் வந்த பதிப்பு முதல் உள்ளது. எட்டு சாதனங்கள் வரை இணையலாம். இதை இயக்கும்போது அமைக்க முடியவில்லை என்று சொன்னால், விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட பொது டிரைவரை நீக்கிக் கம்பெனி டிரைவரைப் போட்டுப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிறது. அலைவரிசையை 2.4 என்று மாற்றிப் பார்ப்பதும் நல்லது. சில கார்டுகள், குறிப்பாக லினக்ஸில் இன்டெல் கார்டுகள், 5 கிகாஹெர்ட்ஸில் கொடுக்க மறுக்கும். டிரைவர் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

நெட் உள்ளே வரும் வழி ஒயராக இருக்கட்டும். கேபிளோ, போன் ஒயரோ. ஒரே வைஃபை கார்டை வைத்து வாங்கவும் கொடுக்கவும் செய்தால் வேகம் பாதியாகும், சில கார்டு அறவே செய்யாது.

உள்ளே இருக்கும் கார்டு எதற்கும் ஒத்துவரவில்லை என்றால் யு.எஸ்.பி. வைஃபை கட்டை ஒன்று வாங்கிச் சொருகுவது சுலபம். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அங்கே வாங்குவது அவரவர் அதிர்ஷ்டம். மலிவுக் கட்டைகளில் சில சொருகியதும் 'சிடி டிரைவ்' என்று வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம். அதற்குரிய விண்டோஸ் டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அதைத் திறந்து நிறுவியதும் வேஷத்தைக் கலைத்து வைஃபையாக மாறும். லினக்ஸுக்கு வாங்குவதானால் பெட்டியில் லினக்ஸ் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், கடையிலேயே லேப்டாப்பில் சொருகிப் பார்த்து வாங்குங்கள். பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் நாம் மூட்டை எடுக்கிறோமா? பழைய லெனோவோ, எச்.பி. மாடல்கள் சிலவற்றில் உள்ளே வேறு கார்டு மாற்றினால் பயாஸ் ஏற்றுக்கொள்ளாது, லேப்டாப் கிளம்பவே கிளம்பாது. அவற்றுக்கும் இந்தக் கட்டையே கதி.

டிரைவர்மேல் பழி போடக்கூடாத சில கோளாறுகளும் உண்டு. பில்லிங் மிஷின் வைஃபையில் இணைகிறது, ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்கிறது என்றால் கார்டும் டிரைவரும் தம் வேலையைச் செய்துவிட்டன. லேப்டாப் உள்ளே வந்த நெட்டைப் பகிர்ந்துகொடுக்கவில்லை. ஹாட்ஸ்பாட் அமைப்பில் எந்த இணைப்பைப் பகிர்வது என்ற இடத்தில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். இணையும்போதே விலாசம் வாங்குவதில் சுற்றிக்கொண்டிருந்தால் பயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் தரும் விலாசம் வழக்கமாக 192.168.137 என்றும், லினக்ஸ் தருவது 10.42.0 என்றும் தொடங்கும். மிஷினில் அப்படி ஓர் எண் வந்திருந்தால் இணைப்புச் சரி. பத்து நிமிடத்துக்கொரு முறை அறுந்தால் லேப்டாப் தூங்கிவிடுகிறது. மூடி மூடினாலும் தூங்கக்கூடாது என்று பவர் அமைப்பில் மாற்றி வையுங்கள்.

குடோனில் மட்டும் வரவில்லை என்பவர்கள் குடோனைப் பாருங்கள். தகரக் கூரையும் இரும்பு ஷட்டரும் அலையைத் திருப்பி அடிக்கும். அடுக்கிய அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அதை விழுங்கும். லேப்டாப்பை மூட்டைக்குப் பின்னால் தரையில் வைக்காமல் ஆள் உயரத்தில் பலகை அடித்து வையுங்கள். அடுத்த கடை பேக்கரியில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போதெல்லாம் நெட் தடுமாறினால் வியப்பில்லை, இரண்டும் ஒரே அலைவரிசை. 2005-இல் மத்திய அரசு இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று திறந்துவிட்டது. நாம் கட்டணமின்றி வைஃபை போடுவது அதனால்தான். அடுப்பும் அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு சிரமத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு ரூட்டரே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். தினசரி உபயோகத்துக்கு அதுவே சரி. ரூட்டர் தின்கிற மின்சாரமும் லேப்டாப்பைவிடக் குறைவு. போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டால் போதாதா என்றால், ஒன்றிரண்டு மிஷினுக்குப் போதும். ஆனால் முதலாளி பேங்குக்குப் போனால் கடையின் நெட்டும் கூடவே பேங்குக்குப் போய்விடும். லேப்டாப்பின் உண்மையான மதிப்பு கரண்ட் இல்லாத நாளில்தான் தெரியும். அதற்குச் சொந்தமாக பேட்டரி இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டபோதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் நம் பகுதியில் கரண்ட் நாள்கணக்கில் இல்லை. பால், தண்ணீர், மெழுகுவத்தி கேட்டு வந்த ஜனங்களை நாம் திருப்பி அனுப்ப முடியாது. 2023-இல் வந்தவர்களில் கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் குறைவு. அந்த நேரத்தில் பைபர் பெட்டியும் கரண்ட் இல்லாமல் செத்திருக்கும் என்பதால், செல்போன் கோபுரம் உயிரோடிருக்கும் கம்பெனியின் சிம் உள்ள போனை லேப்டாப்பில் ஒயரால் மாட்டினால், போனுக்குச் சார்ஜும் ஏறும், கடைக்கு நெட்டும் கிடைக்கும். மழைக்காலத்துக்கு முன்பே, ஐப்பசி பிறக்கும் முன், ஒரு முறை எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள். டிரைவர் இல்லை என்பது புயல் நாளில் தெரிந்து என்ன லாபம்?

கடைசியாக ஒன்று. உங்கள் வைஃபைக்குக் குறைந்தது பன்னிரண்டு எழுத்தில் கடவுச்சொல் வையுங்கள். கடைப் பெயரும் போன் நம்பரும் வேண்டாம், அவை போர்டிலேயே இருக்கின்றன. வாடிக்கையாளருக்கு அன்பளிப்பாகத் திறந்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் உங்கள் நெட்டில் உட்கார்ந்து மோசடி செய்தால், விசாரணை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் வரும். வாடிக்கையாளருக்கு முறைப்படி வைஃபை விற்க வேண்டுமென்றால் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வாணி திட்டம் இருக்கிறது. நம்மைப் போன்ற பெட்டிக்கடை, மளிகைக் கடைக்காரர்களை மனத்தில் வைத்தே போட்ட திட்டம் அது. கடைக்காரருக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. அதற்குரிய கருவி தனி, லேப்டாப் ஹாட்ஸ்பாட்டைக் கொண்டு செய்யக்கூடாது. பணம் பறிபோன அல்லது மோசடி நடந்த சந்தேகம் வந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே, அதே மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அந்த எண்ணைக் கல்லாவுக்குப் பக்கத்தில், லாரி ஆபீஸ் நம்பர்களோடு சேர்த்து எழுதி ஒட்டிவையுங்கள்.